ஒற்றைக் கையுறைகளின் முகவரி

ஐயா, அம்மா,
உங்கள் தளத்தின் ஏதாவது ஒரு மூலையில்
என் தளத்துக்கு ஒரு சுட்டி தர முடியுமா
என்று இன்றிரவு எழுதியது
முப்பத்தெட்டாவது கடிதம்.

கெமியில் ஒன்பதாம் எண் பேருந்தின்
கடைசி நடையை ஓட்டுகிறவள் நான். பெயர் ஹில்க்கா.
இறங்குகிறவர்கள் விட்டுப்போவது
பெரும்பாலும் ஒரு கையுறை.
இரண்டையும் சேர்த்து யாரும் மறப்பதில்லை.
ஒன்றைக் கழற்றிச் சில்லறை தேடுகிறார்கள்,
ஒன்றைக் கழற்றி மூக்கைத் துடைக்கிறார்கள்,
போனில் ஒரு சொல் தட்டி முடிப்பதற்குள்
அது மடியிலிருந்து நழுவி
சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே போய்விடுகிறது.

பணிமனைப் பெட்டியில் மூன்று மாதம்,
அப்புறம் குப்பை. கம்பெனி வழக்கம் அது.
எனக்கு மனசு வரவில்லை.
ஒவ்வொன்றையும் ஸ்டியரிங் மேல் கிடத்திப் படமெடுத்து
தேதி, நிறுத்தம், நிறம், இடதா வலதா
எல்லாம் எழுதி ஒரு தளம் போட்டேன்.
இணை இல்லாத இருநூற்றுப் பதினொன்று
இணையத்தில் காத்திருந்தன.
பார்த்தவர்கள் பதினான்கு பேர்.
அதில் ஒன்பது, நான்.
இரண்டு, என் தங்கை சைமி.

அதனால்தான் இந்தக் கையேந்தல்.

பேருந்துக் கம்பெனி: "பரிசீலனையில் உள்ளது."
இன்னும் அங்கேதான் உள்ளது.
நூல்கண்டு விற்கும் கடை
மாதம் நாற்பது யூரோ கேட்டது.
தேவாலயத் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் விடுமுறையில்.
நாய்களுக்குக் காலுறை விற்கும் ஓர் ஆள்
நீங்கள் முதலில் போடுங்கள், பிறகு நான் என்றார்.
போட்டேன்.
நான்கு மாதம் ஆயிற்று.
அவருடைய நாய்களுக்கு
நான்கு காலும் கதகதப்பாகத்தான் இருக்கும்.

கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
'தயவுசெய்து' என்று தொடங்கினால் கடன் கேட்பது போலிருக்கிறது.
'உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும்' என்றால்
வாசலில் நின்று மிக்ஸி விற்பது போல.
எங்கள் பக்கத்தில் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை.
அடுத்த வீட்டில் ஏணி இரவல் கேட்பதற்குப் பதில்
மழைநீர்க் குழாயைப் பிடித்து ஏறிவிடுவோம்.
என் அண்ணன் ஏறி, விழுந்து,
ஆம்புலன்ஸையும் தானே கூப்பிட்டுக்கொண்டான்.

பிப்ரவரியில் ராஹேயிலிருந்து ஒரு பதில்.
தோர்ஸ்தி என்பவர். கடல் உறைந்ததும்
துளையிட்டு மீன் பிடிக்கிறவர்களுக்காக
எந்தக் கரையில் எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று
தினமும் அளந்து எழுதுகிறவர்.

"முழுதும் பார்த்தேன்.
இருபத்திரண்டாம் எண், பச்சை, இடது.
அது எனக்கு வேண்டும். இணை வேண்டாம்.
என் வலது கை மர ஆலையில் போய்ப் பதினாறு வருஷம்.
இதுவரை வாங்கிய ஜோடிகளின் வலதெல்லாம்
அலமாரியில் புத்தம் புதிதாகக் கிடக்கின்றன.
அவற்றையும் உங்கள் பக்கத்தில் போடுவீர்களா?"

சுட்டி கொடுத்துவிட்டதாகக் கடைசி வரியில்.

போய்ப் பார்த்தேன்.
பனிக்கன அட்டவணைக்குக் கீழே
பொடி எழுத்தில், நீலத்தில், அடிக்கோட்டோடு:
'கெமியில் ஒருத்தியிடம் கைகள் இருக்கின்றன.'

உறையை விட்டுவிட்டார்.
நான் திருத்தச் சொல்லவில்லை.

இப்போது நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள்.
பாதிப் பேர் மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.
கொக்கோலாவிலிருந்து ஒருத்தி
வலது மட்டும், சின்ன அளவு என்று எழுதியிருந்தாள்.
காரணம் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
தோர்ஸ்தியின் கை பெரியது,
அவருடையது எதுவும் அவளுக்குச் சேராது.
இருநூற்றுப் பதினொன்றையும் மறுபடி கொட்டித் தேடினேன்.
நூற்று நாற்பது, சிவப்பு, குழந்தை அளவுக்குச் சற்றுப் பெரிது.
தபால் செலவு என்னுடையது.

மணி ஒன்று இருபது. பேருந்தைக் கழுவியாயிற்று.
கடைசி சீட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று,
இடது. சுட்டுவிரல் நுனியில் தையல் விட்டிருக்கிறது.

தோர்னியோவில் பனிநீரில் குளிக்கிறவர்களின் சங்கம் ஒன்றுக்குத்
தளம் இருக்கிறதாம்.
கையுறையோடா குளிப்பார்கள், தெரியாது.

ஐயா, அம்மா,