பூசும் இடம்

மின்விசிறியை அணைத்த பிறகுதான் நிறுக்க வேண்டும்.
காற்றைக் கண்டால் பொடி எழுந்து
கருங்கல் சந்தைக்கே போய்விடும்.
மூக்கு நுனியில் வியர்வை வந்து நிற்கிறது,
துடைக்க ஒரு கை மிச்சமில்லை.
தராசின் கடைசிப் புள்ளி
நாலா அஞ்சா என்று தடுமாற
மூச்சு விடாமல் காத்திருக்கிறேன்.

பெர்க்மான்சுக்கு இது நாலாவது டப்பா.

மூன்று வருடம் முன்பு
கள்ளக்கடல் அடித்த ஒரு விடிகாலை
விசைப்படகின் வின்ச்சில் போனது
வலது கை மோதிர விரல்.
போனது போனதுதான். வலி மட்டும்
அவரோடு குளச்சலில் வந்து இறங்கியது.
"இல்லாத வெரலுக்க நகத்துல
முள்ளு ஏறுது பாத்துக்கிடுங்க"
என்று அவர் சொன்னபோது
பின்னால் இருமல் மருந்துக்கு நின்றவர் சிரித்தார்.
நான் எழுதிக்கொண்டேன்:
நகம். முள். இரவில் அதிகம்.

மாத்திரை கேட்கத்தான் செய்தது.
ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனவர்
சுக்கான் பிடித்தபடியே தூங்கிப்போய்
கப்பல் சங்கில் விழித்தாராம்.
தக்கலை டாக்டர் சீட்டில் எழுதினார்:
களிம்பாகச் செய்து கொடுக்கவும்.

செய்தேன்.
முதல் டப்பா ஆஸ்பத்திரி மணந்தது,
இரண்டு வயது மகள்
அந்தக் கைக்கு வரமாட்டேன் என்றாள்.
இரண்டாவது பிசுபிசுத்தது, வடம் வழுக்கியது.
மூன்றாவதைப் புறங்கையில் தேய்த்து
முகர்ந்து, வெயிலில் காட்டி,
"இது கொள்ளாம்" என்றார்.
சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கும் எதுவும்
எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

முப்பது நாள் டப்பா
பதினேழாம் நாள் காலியாகி வந்தது.
கூடுதல் பூசினால் தோல் வழியே
ரத்தத்துக்குப் போகும், விளையாட்டா என்று
குரலை உயர்த்திவிட்டேன்.
அவர் கையை விரித்துக் காட்டினார்,
நாலு விரலும் ஓர் இடைவெளியும்.
"ராத்திரி ஒரு பயறளவு. மாதா சத்தியம்."
மருந்து தராமல்தான் அனுப்பினேன்.

மறுநாள் பெர்பெத்து வந்தாள், தனியாக,
அண்டி ஆபீஸ் விட்ட நேரம்.
விரல் இடுக்கெல்லாம் தோட்டெண்ணெயின் கறுப்பு,
கண்ணாடி அழுக்காகும் என்று
மேசையில் கை வைக்காமல் நின்றாள்.
"நாந்தான் எடுத்தேன் அக்கா.
அவர ஏசாதீங்க.
குந்தியிருந்து பதினோரு வருசம் அண்டி தல்லுதேன்.
இடுப்புலேருந்து கெண்டைக்கால் வரை
ஒரு கம்பி ஓடுது."

கேட்டதா என்றேன்.

"எங்க! ஆனா பூசும்போ ஒரு சொகம்.
நமக்கும் ஒண்ணு இருக்குன்னு."

விசிறியைப் போட்டேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்,
இருந்தால்தானே வலி, நிற்கிறேன் என்றாள்.
சீட்டு இல்லாமல் ஒரு சிட்டிகையும்
என்னால் தர முடியாது.
கேள்விகள் கேட்கலாம்.
எப்போது தொடங்கும். எப்படி உட்கார்ந்தால் கூடும்.
எரிச்சலா, கடுப்பா?
"எரியதுக்கும் கடுக்கதுக்கும் நடுவுல
ஒண்ணு உண்டுல்லா, அது."
அதற்கு என் புத்தகங்களில் பெயரில்லை.
அவள் சொன்னபடியே தாளில் எழுதி
வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டு என்றேன்.
"ஒரு நாள் கூலி போவுமே"
என்றபடி நாலாக மடித்து
பர்சுக்குள் ஜெபமாலையோடு வைத்தாள்.

தராசு நாலில் நின்றுவிட்டது.
கண்ணாடிப் பலகையில் குழைத்து
டப்பாவில் அடைத்து, லேபிள் எழுதுகிறேன்.
பெயர். தேதி. பயறளவு, இரவு மட்டும்.
பூசும் இடம் என்ற வரியில்
ஒவ்வொரு தடவையும் பேனா தயங்கும்.
மோதிர விரல் என்றால் பொய்.
மொட்டை விரல் என்றால் அவருக்கு வருத்தம்.
வலது கை என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்று வெள்ளி.
பக்கத்தில் இன்னொரு டப்பா
கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது,
மூடி தனியாக.
ஐந்து மணிக்கு அண்டி ஆபீஸ் சங்கு ஊதும்.
அதுவரை ஓடட்டும் விசிறி.