அரைப்பேர்

கண்டியிலிருந்து குதிரையில் வந்த டாக்டர் துரை
தொப்பியைக் கழற்றும் முன்னே கேட்டது
அட்டை.
இருபது வேண்டும். பசித்ததாய் வேண்டும்.

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார்.
என் கால்களைப் பார்த்தார் என்பதே சரி.

ரம்பொடைக்கு மேலே, கோப்பி இன்னும் ஏறாத காட்டோரம்.
மழை விட்டும் விடாத மத்தியானம்.
அட்டை பிடிக்கத் தூண்டில் வேண்டாம், வலை வேண்டாம்,
மானாப்புல்லுக்குள் இறங்கிச் சும்மா நின்றால் போதும்.
நுனியில் எழுந்து நின்று
காற்றைத் தடவித் தடவி
அது நம்மைக் கண்டுபிடிக்கும்.

மற்ற நாளென்றால்
புகையிலை எச்சிலைத் துப்பி உதிர்ப்பேன்.
இன்றைக்குக் கடிக்கும் முன் கிள்ளியெடுத்துச்
சாடியில் போட வேண்டும்.
ஏழு தப்பி என்னைக் குடித்துவிட்டன.
அவற்றையும் சேர்த்தே எண்ணிக் கொடுத்தேன்.

நெட்டைத் துரைக்குக் கட்டில் நீளம் போதாது,
காலை மடக்கிக் கிடந்தார்.
போன வாரமே ரசகற்பூரம் தொடங்கியிருந்தார்கள்.
ஈறு கறுத்து, எச்சில் ஒழுகி,
தலையணையில் ஒரு பல்.
"விஷம் இறங்குது என்கிறார்" என்றான்
சமையல்காரன் சந்தியாகு.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நெற்றிப்பொட்டில் ஆறு. ஈரலுக்கு மேலே பதினான்கு.
என்னைக் குடித்த ஏழும்
துரையைத் தொடாமல் சுருண்டு கிடந்தன.
டாக்டர் துரை பித்தளைப் பெட்டியைத் திறந்தார்.
விசையைத் தட்டினால்
பன்னிரண்டு கத்தி ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும்.
"பிடி" என்றார்.
அந்த ஒரு சொல் அவருக்குத் தமிழில் தெரியும்.

பிடித்தேன்.
ஒரு கையில் கிண்ணம். ஒரு கையில் துரையின் முழங்கை.
இதே கைதான் போன மாசம்
என் முதுகில் பிரம்பை இறக்கியது.
சந்தோஷம் வருமா என்று காத்துப் பார்த்தேன்.
வரவில்லை.

அந்தச் சொல்லை முன்பே கேட்டிருந்தேன்.
ஐப்பசியில், எங்கள் லயத்தில்.
செவந்திக்கு வயிறு உப்பி மாந்தம்.
எங்கள் ஆள்தான், ஒரே கப்பலில் வந்தவன்தான்,
கோணி ஊசியை நெருப்பில் பழுக்க வைத்துக்கொண்டு
"பிடி, அசையாமப் பிடி" என்றான்.
பூவாயி தலைமாட்டில். நான் கால்மாட்டில்.
தொப்புளைச் சுற்றி நான்கு சூடு.
மூன்றாவதில் பிள்ளை கத்துவதை நிறுத்தினாள்.
குணமாகுது என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

கிண்ணம் நிறைந்தது. இன்னொரு கிண்ணம் வந்தது.
துரை ஏதோ முனகினார், தண்ணீர் என்று நினைக்கிறேன்.
டாக்டர் துரை தலையை ஆட்டினார்: கூடாது.
அவர் விரல் நடுங்கியது.
வேறென்ன செய்வதென்று தெரியாதவன் விரல்.
ஊசி பிடித்தவன் விரலும் நடுங்கியிருக்கலாம்,
அன்றைக்கு நான்
கால்களைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

விடிவதற்குள் முடிந்துவிட்டது.
காய்ச்சல் என்று எழுதினார்கள்,
கல்லில் வெட்டவும் அதையே கொடுத்தார்கள்.
செவந்திக்குக் கல் உண்டு, எழுத்தில்லை.
நரி தோண்டாதிருக்க வைத்தது.

குடித்து உதிர்ந்த அட்டைகளை
உப்பில் போடச் சொல்லி அனுப்பினார்கள்.
ஓடைக்கரையில் சாடியைக் கவிழ்த்தேன்.
அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை.
மருந்தென்று சொல்லிக்கொண்டு அவை வரவில்லை.

மாலையில் கணக்கப்பிள்ளை பேர் போட்டார்.
மலைக்குப் போகாததால் அரைப்பேர்.
துரை பிழைத்திருந்தால்
முழுப்பேர் கேட்டிருக்கலாம் என்றான் சந்தியாகு.

கணுக்காலில் ஏழு வாய்.
சொறிந்ததில் இரண்டு
மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தன.