இருமல்

காலை ஆறரைக்கு ஈரத்துணியால்
நேற்றைய விலையைத் துடைப்பேன்.
முழுதாய்ப் போகாது.
பாபட்லா மூட்டை ஆயிரத்து ஐந்நூற்று இருபது
என்று எழுதினால்
அதற்கடியில் நேற்றைய ஐந்நூற்று நாற்பது
வெளுத்துத் தெரியும்.
செங்குன்றத்தில் பதினேழு வருடமாய்
இந்தக் கரும்பலகையில் என் கையெழுத்து.
விலை என்னுடையது இல்லை.

ஊத்துக்கோட்டைப் பக்கம் எத்திராஜுலு
ஆவணியில் அறுபத்திரண்டு மூட்டையோடு வந்தார்.
இரவு பூரா ஜி.என்.டி. ரோட்டில்
லாரிக்கடியில் படுத்திருந்தவர்.
ஈரம் பதினெட்டு என்றது கருவி.
அதைச் சொல்லி முப்பது ரூபாய் குறைத்தார் முதலாளி.
"இன்னைக்கே தள்ளிடவா, ரெண்டு நாள் பாக்கட்டுமா?"
என்னைத்தான் கேட்டார்.
தடாவுக்கு அந்தப் பக்கம்
நெல்லூர் லாரிகள் முந்தாநாளிலிருந்து நிற்பதும்
மில்லில் அவிக்க இருப்பே இல்லாததும்
எனக்குத் தெரியும்.
முதலாளி கண்ணாடி அறையிலிருந்து
பார்த்துக்கொண்டிருந்தார்.
"உங்க இஷ்டம்" என்றேன்.

மறுநாள் காலை
அதே கையால் எழுபது கூட்டி எழுதினேன்.

பாக்கிப் பணத்துக்கு வந்தவர்
டீக்கடையில் என் எதிரில் உட்கார்ந்தார்.
திட்டியிருக்கலாம்.
பலகையைப் பார்த்தாராம். அவ்வளவுதான் சொன்னார்.
வடை எனக்கு இறங்கவில்லை.
நானாகத்தான் ஆரம்பித்தேன்:
இனி போனில் கேளுங்கள்,
விலை மட்டும்தான் சொல்வேன், முதலாளி பக்கத்தில் இருப்பார்,
சொல்லிவிட்டு ஒருமுறை இருமினால்
வைத்திருங்கள்.
இல்லையென்றால் ஏற்றிவிடுங்கள்.

சம்பாவுக்கு இருமினேன்.
பத்தொன்பது நாள் வைத்திருந்து விற்றார்.
மூட்டைக்குத் தொண்ணூறு ரூபாய்.
கூட்டுறவு வங்கியிலிருந்து
வளையல் வீடு திரும்பிவிட்டது என்று அவர் சொன்னபோது
விலையை நானே ஏற்றியவன்போல்
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பிறகு அவர் மச்சான் கூப்பிட்டார்.
பிறகு பெரியபாளையத்திலிருந்து ஒரு குரல்,
பேர் சொல்லாமல் விலை கேட்டுவிட்டு
லைனிலேயே இருந்தது,
எதற்கோ காத்திருப்பதுபோல்.

நவரை அறுப்பு. சித்திரை வெயில்.
மில்லில் புது ஊதி மாட்டி
முற்றம் முழுக்க உமித்தூசி.
கணக்குப் புத்தகத்தில், மின்விசிறியில், சோற்று டப்பாவில்.
பன்னிரண்டு மணிக்கு எத்திராஜுலு.
"ஆயிரத்து அறுநூற்றுப் பத்து" என்றேன்.
நெஞ்சுக்குள்ளிருந்து
தானாக வந்தது.
ஒன்று. உடனே இன்னொன்று.
தண்ணீரை எட்டி எடுப்பதற்குள்
வைத்துவிட்டார்.

மாலையில் கூப்பிட்டிருக்கலாம்.
ஏறினாலும் ஏறும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏறவில்லை.
இரண்டு வாரத்தில் நூற்று முப்பது இறங்கியது.
கோடை மழை தார்ப்பாய்க்கடியில் புகுந்து
ஓரத்து மூட்டைகள் முளைவிட்டன.

எடை மேடையருகே அவரைப் பார்த்ததும்
சொல்லிவிட வாயெடுத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்:
"சளி கட்டியிருக்கு உங்களுக்கு.
நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பாருங்க."
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
ரசீது வாங்கப் போனார்.

அன்றிரவு கொளத்தூரில் அரிசி வாங்கினேன்.
கிலோ அறுபத்தாறு. போன மாதமும் அதுதான்.
"நூற்று முப்பது இங்கே வந்து சேரலையே"
என்றேன் கடைக்காரரிடம்.
"எது சார்?" என்றார்,
தராசில் கண் வைத்தபடி.

என் மேஜையில் இப்போது
இருமல் மருந்து பாட்டில் ஒன்று.
முதலாளி வைத்தது. ஒன்றும் பேசவில்லை.
போன் அடிக்கிறது.
பெரியபாளையத்து நம்பர்.
தொண்டைக் குழியில் ஓர் உமி
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
வாயைப் பொத்திக்கொண்டு
விலை சொல்ல முடியாது.