ஒரு சொட்டு, ஒரு பூசணிக்காய்

வெள்ளி இரவு பத்தரைக்குத் தலைப்பு வந்தது: மழை.
அனுப்பியவர் சுஹாஸ் பேந்த்ரே, முலுண்டு.
போன வாரம் வென்றவர் இந்த வாரம் தலைப்பு வைப்பார்.
கணினியில் கைவைக்கக் கூடாது.
ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஒரே ஒரு படம்.
பரிசு, அந்தப் பழைய சரக்குப் பெட்டி:
ஒரு சக்கரம் கோணல், கொக்கி பாதி உடைசல்,
நான்கு வருடமாக எங்கள் ஏழு வீடுகளுக்குள்
எந்த எஞ்சினும் இழுக்காமல் சுற்றிக்கொண்டிருப்பது.

ஜூலை மாதத்து மும்பையில்
மழை என்று தலைப்பு வைக்க
எவ்வளவு சோம்பல் வேண்டும் ஒரு மனிதனுக்கு
என்று நினைத்தபடி தூங்கிப்போனேன்.
சனி காலைதான் புரிந்தது, ஆள் வில்லங்கம்.

கட்டிலுக்கடியிலிருந்து என் ஸ்டேஷனை இழுத்தேன்.
மூன்றடிக்கு ஒன்றரையடி பிளைவுட்.
எண்பத்தேழில் ஒரு பங்காக எல்லாம் சுருங்கிய ஊர்.
பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் புளியமரம் சுருங்கும்.
தண்ணீர்த் தொட்டி சுருங்கும்.
ஒற்றை மயிர்த் தூரிகையால் நான் சரிகை போட்ட
புடவைக்காரி சுருங்குவாள், இரண்டு சென்டிமீட்டருக்கு.
தண்ணீர் மட்டும் சுருங்காது.
என் பயணிகளுக்கு
ஒரு சொட்டு என்பது ஒரு பூசணிக்காய்.

தெளிப்பானால் அடித்தேன்:
நடைமேடையெங்கும் பூசணிக்காய்கள்.
ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் ஊசி:
தேங்காய் அளவுக்கு இறங்கியது, அதற்குமேல் மாட்டேனென்றது.
நைலான் நூலை நெருக்கமாகத் தொங்கவிட்டேன்:
ஊரே கொசுவலைக்குள் படுத்திருந்தது.
குக்கர் ஆவியில் அழகாக ஒரு படம் விழுந்தது,
ஆனால் அது ஊட்டி.
'வெளியேதான் கொட்டுகிறதே,
அதைப் பிடித்து அனுப்பேன்' என்றார் சடகோபன்.
பதில் சொல்லவில்லை.
வாரமெல்லாம் ஊராரின் எலும்பைப் படம் பிடிக்கிறவள் நான்.
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
சொல்லாமலே அசையாதவர்கள் இவர்கள் மட்டும்தான்.

ஞாயிறு நாலு மணிக்குக் கரண்ட் போனது.
ஐந்தே காலுக்கு ஸ்டேஷனை ஜன்னல் விளிம்பில் வைத்து
வெளியே கம்பிக்கூண்டுக்குள் இறங்கிக் குந்தினேன்,
கற்றாழைத் தொட்டிக்கும் ஈரத் துணிக்கும் நடுவே.
சடகோபன் உள்ளேயிருந்து கண்ணாடியைச் சாத்தி
டார்ச் அடித்தார்.
மழை என் முதுகில். ஊர் உள்ளே, காய்ந்து.
நடுவில் கண்ணாடியில் வழிந்த துளிகளுக்கு
எந்த அளவுகோலும் இல்லை.
ஒன்று, இரண்டு, பதினேழு படம்.
பதினெட்டில், புளியமரத்துக்கு மேலாகக்
கண்ணாடியில் இன்னொரு ரயில் நின்றது.

திரும்பினேன்.
குர்லாவில் தண்ணீராம்.
திலக் நகர் தாண்ட முடியாமல் ஹார்பர் லைன் லோக்கல்,
எவ்வளவு நேரமாக நின்றதோ.
கதவு கதவாய் மனிதர்கள், எல்லாக் கண்ணும் இங்கே.
அங்கிருந்து நான் எத்தனை சென்டிமீட்டர்?
இந்த நைட்டியின் பூக்களை
எந்தத் தூரிகையால் யார் தீட்டினார்கள்?
கதவோரம் ஒருவன் கைபேசியை உயர்த்தினான்.
அசையாமல் இருந்தேன், தொழில் பழக்கம்.
அவனுக்கு என்ன தலைப்பு கொடுத்திருந்தார்களோ.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.
'மழை பிரமாதம்' என்றார் பேந்த்ரே,
'பின்னால் அந்தச் சிவப்புக் கோபுரம் எந்த ஊர்க் கோயில்?'
காஸ் சிலிண்டர்.

வென்றது மீரா ரோடு நிலோஃபர் குத்தூஸ்.
அவள் படத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது.
நீண்ட நடைமேடை முழுக்கக் காலி,
ஒரே ஒரு தகரக் கூரையடியில்
பதினோரு பேர், ஒருவர் காலை ஒருவர் மிதித்தபடி.
பன்னிரண்டாமவன் தலையில் டிபன் பாக்ஸோடு
பாதி ஓட்டத்தில்.
பத்து நிமிடம் அவளைத் திட்டினேன்,
பிறகு என் ஓட்டையும் அவளுக்கே போட்டேன்.

சரக்குப் பெட்டி இனி முலுண்டிலிருந்து மீரா ரோடு போகவேண்டும்.
தாதரில் இறங்கி லைன் மாறி,
பேந்த்ரேயின் மடியில், செய்தித்தாளில் சுற்றி,
பன்னிரண்டு பெட்டி லோக்கலின்
பதின்மூன்றாவது பெட்டியாக.