ஒப்படைப்புக் குறிப்பு

மார்லூஸ்,
நிரல் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும்.
பதினோரு நிமிடம்தான் பிடித்தது.
பன்னிரண்டு ஆண்டுகளின் ஒவ்வொரு திருத்தமும்
யார் செய்தது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதோடு
ஊலுவிலிருந்து உத்ரெக்ட் வரை
ஒரு காற்புள்ளிகூடச் சிந்தாமல்.

மிச்சத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நூலக வண்டிகளுக்கான மென்பொருள் என்று
ஒப்பந்தத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.
வண்டியை நீங்கள் பார்த்ததில்லை.
இனாரிக்கு வடக்கே, ஜனவரியில்,
நண்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வரும்.
பின்கதவு திறந்தே கிடக்கும்.
உர்ஹோ கையுறையைக் கழற்ற மாட்டார்.
உறைநிலைக்குக் கீழே முப்பத்தொரு பாகை.
கழற்றினால் விரலைத் திரையிலேயே
விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் என்பார்.

அதனால்தான் 'திரும்பி வந்தது' என்ற பொத்தான்
அவ்வளவு பெரிதாய், அவ்வளவு அசிங்கமாய் இருக்கிறது.
நிரலின் வரலாற்றில் தேடினால் கிடைப்பது
"அகலம் கூட்டப்பட்டது."
யாருக்காக என்பது நிரலுக்குத் தெரியாது.
உங்கள் வடிவமைப்பாளருக்கு முதல் வாரமே
கை துறுதுறுக்கும்.

அறுபத்தொரு ஒலிப்பதிவுகள் இருந்தன.
'இருந்தன' என்பதைக் கவனியுங்கள்.
சம்மதப் படிவத்தில் எங்கள் அறக்கட்டளையின் பெயர் இருக்கிறது,
உங்கள் பெயர் இல்லை.
வீடு கைமாறினால் சாவியைக் கொடுக்கலாம்;
வந்து பேசிவிட்டுப் போனவர்களின் குரலையும்
அதே வளையத்தில் கோத்துக் கொடுக்க
எனக்கு உரிமை இல்லை.
வழக்கறிஞர் 'சொத்து' என்ற சொல்லை மூன்று முறை சொன்னார்.
மூன்று முறையும் நான் சன்னலைப் பார்த்தேன்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் எழுதினேன்.
முப்பத்தெட்டுப் பேர் சரி என்றார்கள்.
ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள்;
அன்று மதியத்துக்குள் அழித்தேன்.
சரி சொன்னவர்களில் ஒருத்தி கேட்டாள்:
"உங்கள் தலைவரைத் திட்டினேனே, அது இருக்கிறதா?"
இருந்தது.
"அப்படியானால் கட்டாயம் கொடுங்கள்."
பதின்மூன்று பேரிடமிருந்து பதில் இல்லை.
மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி.
அவற்றையும் அழித்தேன்.

இன்னொன்று பாக்கி.
உர்ஹோவுக்குப் போன கடிதத்துக்கு
அவர் மகள் சைமி பதில் போட்டாள்.
"அப்பா அக்டோபரில் போய்விட்டார்.
அந்தப் பதிவு எனக்குக் கிடைக்குமா?"

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
இரண்டு நாள் யோசித்தேன்.
உண்மையைச் சொன்னால், இரண்டு நாள் கேட்டேன்.
நாற்பத்துமூன்று நிமிடம்,
முக்கால்வாசி எஞ்சின் சத்தம்.
இருபதாவது நிமிடத்தில்
நான் வரைந்த புத்தகச் சின்னத்தைக் காட்டி
"இது என்ன, மிதியடியா?" என்று சிரிக்கிறார்.
நானும் சிரிக்கிறேன், கொஞ்சம் தாமதமாக.

அனுப்பிவிட்டேன்.
பிறகு எங்கள் பிரதியை அழித்தேன்.
விதிமீறலா என்று யாராவது கேட்டால்
ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்,
என் பெயர் போட்டு.
உங்களுக்கு அவரிடமிருந்து மிஞ்சுவது
நான் தட்டச்சு செய்த ஒரு வரி:
வண்டி ஓட்டுநர். கையுறை. குளிர். பொத்தானைக் குறுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றியிருக்கிறேன்.
நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பகுப்பாய்வுச் செயலி
வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு
எங்களை யாரென்று கேட்கும்.
வெறும் எழுத்தை எந்த ஓட்டைக் கணினியும் திறக்கும்.

கடைசியாக, சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் தாள்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு. படம் எடுத்தாயிற்று.
பசை காய்ந்து பாதி தரையில் கிடந்ததால்
வரிசைக்கு நான் பொறுப்பல்ல.
ஒன்றில் மட்டும்,
"செவ்வாய்க்கிழமை பற்றிக் கேள்."
என் கையெழுத்து இல்லை.
யாரிடம் கேட்பது, எந்தச் செவ்வாய்,
இங்கே மிஞ்சியிருக்கும் நான்கு பேருக்கும் தெரியவில்லை.
'பயனற்றவை' என்ற அடைவில் போட்டேன்,
இரவு வீட்டிலிருந்து மறுபடி உள்நுழைந்து வெளியே எடுத்தேன்.
முதல் கோப்பாக வைத்திருக்கிறேன்.
யாராவது கேட்டால் நல்லது.

மெர்வி