ஒரே ஈற்று

செயோனில் ஒரு பண்ணை. மாட்டுக்கொட்டில் மூலையில்
ஏழு குட்டிகள். கடைசி இரண்டையும்
அட்டைப்பெட்டியில் வைத்து
லென்ஸ்பூர்க்குக்கு பஸ்ஸில் கொண்டு வந்தோம்.
கறுப்புக்கு மிளகு. வெள்ளைக்குப் புட்டு.
பெயர் வைத்தது ஆரணி. அப்போது அவளுக்குப் பசி.

ஒரே முலை, ஒரே கோப்பை, ஒரே கம்பளம்.
தடுப்பூசி கூட ஒரே நாளில்.

எட்டாம் மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை.
பிறகு ஓடைக்கரையில், ஒக்டோபரில்,
காற்றில் ஓர் இலை உருண்டது.
புட்டு கொட்டாவி விட்டது.
மிளகு நின்றது.
கழுத்து நீண்டு, ஒரு முன்னங்கால் மடிந்து,
காதிரண்டும் ஒரே புள்ளியில் குத்தி,
வேறு யாரோ அதன் தோலுக்குள் எழுந்து நின்றார்கள்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
அந்தப் பெயரில் அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

கீழ்வீட்டு ஹுன்ஸிக்கர் அம்மா சொன்னா: "வளர்ப்பில் பிழை."
குகதாசன் சொன்னார்: "தகப்பன் வழி."
தகப்பன் யாரென்று பண்ணைக்காரனுக்கே தெரியாது.
பயிற்சிக்கு வந்த கிளவுடியா,
மணிக்குத் தொண்ணூறு பிராங்க் வாங்குகிறவ,
என்ரை சமையலறை மேசையில் ஒரு கயிற்றை நீட்டி வைத்தா.
பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது,
கவ்வுவது, கொல்வது, தின்பது.
ஓநாயிடம் இது அறாத கயிறு.
நாயிடம் மனிதர்கள் அங்கங்கே அறுத்திருக்கிறார்கள்,
தங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு.
கறுப்பிடம் முன்பக்கம் நீளம், என்றா.
வெள்ளையிடம் எந்தத் துண்டு என்று
இன்னும் தெரியவில்லை.

அந்தக் கடைசி வசனத்தை நான் காதில் போடவில்லை.
எந்தத் துண்டும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.
புறா வந்தால் எழும்பாது,
பூனை வந்தால் விலகி வழி விடும்,
சாந்தமான பிள்ளை என்று
தொலைபேசியில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஏப்ரல் தொடங்கி யூலை முடிய
காட்டோரம் நாய்க்குக் கயிறு கட்டாயம்.
குட்டி ஈனும் காலம் என்று பலகை சொல்கிறது.
மிளகின் கயிறு என் இடுப்புப் பட்டியில்.
புட்டுவினுடையது இரண்டு விரலில்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
கண் எரிய நடந்த ஒரு யூன் காலை,
வெட்டிய புல்லுக்குள்ளிருந்து
ஒரு முயல், இன்னும் முழுதாய் வளராதது,
என் சப்பாத்துக்கு முன்னாலேயே கிளம்பியது.

பட்டியின் கொளுக்கி உடைந்த சத்தம்தான் கேட்டது.
முழங்காலில் விழுந்து நான் நிமிர்வதற்குள்
எல்லாம் முடிந்திருந்தது. ஒரே உதறல்.

அதன் பிறகுதான் எனக்கு விளங்காதது நடந்தது.
மிளகு முயலைக் கீழே வைத்தது.
மூக்கால் ஒரு முறை தள்ளிப் பார்த்தது,
ஓடு, இன்னொருக்கால் ஓடு என்பது போல.
ஓடவில்லை.
அவ்வளவுதான், அதற்கு முயல் முடிந்துவிட்டது.
தூரத்தில் ஒரு காகத்தைப் பார்க்கத் தொடங்கியது.

புட்டு என் விரலிலிருந்து எப்போது நழுவியது?
அவசரமில்லாமல் நடந்து போய், படுத்து,
கரட் கொடுத்தால் பிடிக்கிற மாதிரியே
இரண்டு முன்னங்காலுக்குள் வைத்து
வயிற்றிலிருந்து தொடங்கியது.
வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு.

வேட்டைக் காவலருக்கு நானே அடித்துச் சொன்னேன்.
எந்த நாய், என்று கேட்டார்.
கறுப்பு, என்றேன்.
மற்றது?
மற்றது என் பக்கத்தில் நின்றது, என்றேன்.
அந்த நேரம் அது உண்மையும்தான்.

ஆரணி அன்று முழுக்க மிளகோடு கதைக்கவில்லை.
"கொலைகாரி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.
பிறகு புட்டுவின் தலையை மடியில் எடுத்து
"நீ மட்டும்தான் நல்லவள்" என்றாள்.

நான் திருத்தவில்லை.
ஈரத்துணி ஒன்று எடுத்து வந்து
நல்லவளின் தாடையைத் துடைத்துவிட்டேன்,
காதடி வரைக்கும், இரண்டு தரம்.
கம்பளத்தின் மறு நுனியில்
மிளகின் கால்கள் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.