வெள்ளிக்கிழமை வாருங்கள்

வாடகை வசூலுக்கு அப்பா என்னையும் கூட்டிப்போவார்.
கணக்கு நோட்டு என் கையில்,
பென்சில் அவர் காதில்.
செதூபலில் மீன் வந்த நேரம்தான் வேலை நேரம்.
மத்தி டப்பா ஆலையின் சங்கு
நடுச்சாமத்திலும் ஊதும்,
ஏப்ரனை முடிந்தபடியே பெண்கள் ஓடுவார்கள்,
மூன்றாம் மாடி இல்டாவும்.

அன்று அவள் கதவைத் தட்டினோம்.
முதலில் ஒரு இருமல்.
பிறகு, புகையிலையில் ஊறிய ஆண் குரல்:
"காய்ச்சலாய் இருக்கிறது, செஞ்யோர் க்வரெஷ்மா.
வெள்ளிக்கிழமை வாருங்கள்."
தொண்டைக்குள் கரகரவென உருளும் அந்த ர,
எங்கள் துறைமுகத்து ர.
அப்பா தொப்பியைக் கழற்றி
கதவிடம் விடைபெற்றார்.

நான் ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்தேன்.
கதவுக்கடியில் இரண்டு விரற்கடை வெளிச்சம்.
மனிதக் கால் ஒன்றுகூட இல்லை.
நாலு மரக்கால்.

டெல்மோ என் வகுப்புதான், ஒன்பது வயது.
அவன் அப்பா கப்பலேறிப் போய்
அப்போதே ஒரு வருஷம்.
குரல் எந்த உயரத்திலிருந்து வரவேண்டுமோ
அந்த உயரத்துக்கு ஏறி நின்றிருக்கிறான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மறுநாள் பள்ளியில் பாதி ஆரஞ்சு கொடுத்தான்,
எதற்கென்று அவனும் சொல்லவில்லை.

பதினேழில் லிஸ்பன் போனான்.
நாடகப் பள்ளியில் பல்லிடுக்கில் கார்க் வைத்து
அந்த ர-வைத் தேய்த்தார்களாம்.
முதல் படத்தில் பிணம்.
அடுத்ததில் தட்டேந்திய சர்வர்.
மூன்றாவதில் ஒரே ஒரு வரி, "கார் தயார்."
பதற்றத்தில் ஊர் ர உருண்டுவிட,
இயக்குநர் கழுத்தைத் திருப்பியிருக்கிறார்.
இப்போது டிராமின் பக்கவாட்டில்
நாலு ஜன்னல் நீளத்துக்கு அவன் முகம்.

நடிப்பு எங்கே படித்தீர்கள் என்று
பேட்டிகளில் கேட்கிறார்கள்.
நாடகப் பள்ளியின் பெயரைச் சொல்கிறான்.
அதுவும் பொய்யில்லை.

போன மாதம் அப்பாவைப் படத்துக்குக் கூட்டிப்போனேன்.
பார்வை போய்விட்டது, கேட்கத்தான் வருவார்.
டெல்மோ அதில் கப்பல் கேப்டன்.
வசனத்துக்கு முன்னால் லேசாக இருமினான்.
அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"மூன்றாம் மாடிக்காரன்!
மூன்று மாதப் பாக்கியை வைத்துவிட்டு
இங்கேயா இருக்கிறான்?"
முன்வரிசையில் யாரோ உஷ் என்றார்கள்.
அவர் கையை அழுத்தினேன்,
அன்றுபோலவே ஒன்றும் சொல்லாமல்.

திரை முழுக்க நிற்கிறான் கேப்டன்.
எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள்.
நான் திரையின் அடி விளிம்பையே பார்த்தபடி,

மரக்கால் தெரிகிறதா என்று.